அங்கொடையும் அறளையும்

எமது ஊர்ப் பேச்சிலே இரண்டு சொற்கள் உண்டு. முதுமையில் நினைவு குழம்பி, பெற்ற பிள்ளையின் பெயரை மறந்து, உண்டதை உண்ணவில்லை என்று சாதிப்பவரை 'அறளை பெயர்ந்தவர்' என்போம். நடத்தை மாறி, காரணமின்றிச் சினந்து, தனக்குத்தானே பேசித் திரிபவரை 'விசர்' என்போம். 'அங்கொடைக்கு அனுப்ப வேணும்' என்று சொல்லி நகைப்போம். பள்ளிக்கூட முற்றத்திலே இச்சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். கணக்கைப் பிழையாகச் செய்த ஒருவனைப் பார்த்து மற்றவன், 'உன்னை அங்கொடைக்கு ஏத்த வேணும்' என்கிறான். சொன்னவனும் கேட்டவனும் அங்கொடையைக் கண்டதில்லை. அது கொழும்பை அடுத்துள்ள ஓர் ஊர் என்பதும் அவர்களுட் பலருக்குத் தெரியாது. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஓர் ஊரின் பெயர், வட்டுக்கோட்டைப் பிள்ளைகளின் வாயில் வசைச்சொல்லாக வந்து தங்கியது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், மூளையும் மனமும் நோயுற்ற வயதுவந்தோரை இத்தீவு எவ்வாறு நடத்திற்று என்ற வரலாற்றினுள்ளே நாம் நுழைந்துவிடுகிறோம். அவ்வரலாற்றின் சாரத்தை முதலிலேயே கூறிவிடலாம். 'அங்கொடை' என்ற சொல் நோயாளியை ஊரிலிருந்து பிரித்தது; 'அறளை' என்ற சொல் நோயாளியை வைத்தியத்திலிருந்து பிரித்தது. ஒருவர் தொலைவிலே பூட்டப்பட்டார். மற்றவர் வீட்டின் கோடிப்புறத்திலே கைவிடப்பட்டார். இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே. தம் ஊருக்கு அருகில், தம் மொழி பேசுவோர் நடுவில், சில வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பக்கூடிய ஒரு வைத்தியசாலைக் கட்டில் அது.

வட்டுக்கோட்டை என்றதும் 1823இல் தோன்றிய செமினரியையும் 1976ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் நினைப்பது இயல்பு. வைத்திய வரலாற்றிலும் இவ்வூருக்கு ஓர் இடமுண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது முதலில் தங்கியது வட்டுக்கோட்டையிலே. அடுத்த ஆண்டு மானிப்பாய்க்குச் சென்று வைத்தியசாலையையும் வைத்தியக் கல்வியையும் நிலைநிறுத்தினார். அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞர் அவரிடம் வைத்தியம் கற்றனர். 1860களில் அவர் தமிழிலேயே மேலை வைத்தியத்தைக் கற்பிக்கத் துணிந்தார். உடலமைப்பு, அறுவை வைத்தியம், பிள்ளைப்பேறு முதலிய துறைகளில் அவரும் அவர் மாணவரும் ஆக்கிய தமிழ் நூல்கள், நோயாளியின் மொழியே வைத்தியனின் மொழியாகவும் இருத்தல் வேண்டும் என்ற கொள்கையிற் பிறந்தவை.

அதே 1847ஆம் ஆண்டிலே கொழும்பு பொரளையில் 'பைத்தியகாரர் காப்பகம்' ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அத்தகையோர் சிறைகளிலும் ஹெந்தளைத் தொழுநோயாளர் விடுதியிலும் வைக்கப்பட்டிருந்தனர். எனவே காப்பகம் ஒரு முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எதற்காகத் தோன்றியது என்பதையும் நாம் கேட்கவேண்டும். தெருவிலும் சந்தையிலும் அலைந்து திரிவோரால் ஆட்சியின் ஒழுங்கு கெடாதிருக்கவேண்டும் என்பது குடியேற்ற அரசின் கவலை. நோயைக் குணப்படுத்துவது அதன் பின்னே வந்த எண்ணம். வடக்கிலே வைத்தியம் மக்கள் மொழியைக் கற்றுக்கொண்டிருந்த வேளையில், தெற்கிலே மனநோய்க்கென ஒரு மதில் எழுந்துகொண்டிருந்தது.

கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய 1873ஆம் ஆண்டிலே மதிலுக்குச் சட்டமும் துணை வந்தது. அவ்வாண்டின் பைத்தியகாரர் கட்டளைச் சட்டப்படி, சித்தம் கலங்கியவரெனக் கருதப்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுவார். வைத்தியரின் சாட்சியம் கேட்கப்படும், நீதிபதி தீர்ப்பளிப்பார், பின்னர் காப்பகத்துக்கு அனுப்பப்படுவார். காய்ச்சல்காரன் வைத்தியசாலைக்குப் போகிறான். கால் முறிந்தவன் வைத்தியசாலைக்குப் போகிறான். மூளை நோயுற்றவனோ நீதிமன்றத்துக்குப் போகிறான்! நோயாளி குற்றவாளியின் பாதையிலே நடத்திச் செல்லப்பட்டால், ஊரார் அவனைக் குற்றவாளியாகப் பார்ப்பதில் வியப்பென்ன? ஒருவர் தாமாகவே விரும்பிச் சிகிச்சைக்காகச் சேர்வதற்கு 1956ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிசெய்தது. முதற் சட்டத்துக்கும் அதற்கும் இடையே எண்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

பொரளை இடம் போதாமையால் 1880களிலே கறுவாத்தோட்டத்தில் புதிய காப்பகம் எழுந்தது. அதுவும் போதாமற்போக 1926இல் அங்கொடை வைத்தியசாலை திறக்கப்பட்டது. இடத்தின் பெயர் மாறியதே தவிர, கொழும்பு என்ற திசை மாறவில்லை. 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதப் பாதை முழுமையடையும்வரை அத்திசைக்குச் செல்வதென்றால் கடல்வழி, அல்லது வன்னிக் காட்டினூடாகச் செல்லும் தரைவழி. புகையிரதம் வந்தபின் அனுப்புவது எளிதாயிற்று. பார்க்கச் செல்வது எளிதாகவில்லை. தோட்டக் கூலியாளும் சுருட்டுத் தொழிலாளியும் ஒரு நாட் கூலியை இழந்து, புகையிரதக் கட்டணமும் கொடுத்து, மொழி தெரியாத ஊரிலே தம் உறவினரைத் தேடிப் பார்த்துவருவது எத்தனை முறை இயலும்? பார்க்க வருவோர் இல்லாத நோயாளி, குணமடைந்தாலும் திரும்பிச் செல்ல வீடில்லாதவர் ஆகிறார். அங்கொடை என்ற பெயருக்கு 'திரும்பி வராத இடம்' என்ற பொருள் ஏறியது இவ்வாறுதான்.

1930களின் இறுதியில், இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைவரான எட்வேட் மபோதர் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். திறந்து பன்னிரண்டு ஆண்டுகள்கூட நிரம்பாத அங்கொடை, இருக்கவேண்டிய அளவுக்கு மிக அதிகமானோரால் நிரம்பி வழிந்ததை அவர் கண்டித்தார். மனநோய்ச் சிகிச்சை பொது வைத்தியசாலைகளுக்குள்ளே வரவேண்டும் என்பது அவர் கூறிய வழிகளுள் ஒன்று. பரிகாரம் அன்றே தெரிந்திருந்தது. ஆயினும் 1958இல் முல்லேரியாவிலே மேலுமொரு மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதுவும் அங்கொடைக்கு அருகிலே, கொழும்புப் புறத்திலே!

இனி, அனுப்பப்படாதோரைப் பார்ப்போம். இவர்களே தொகையால் மிகப் பலர். வசதியுள்ள வீட்டிலே தனியறை உண்டு, வேலையாள் உண்டு, வீட்டிலே ஒருவருக்குச் சித்தம் தடுமாறியது வெளியே தெரியாமற் காப்பது மணச் சம்பந்தங்களுக்கு அவசியமாகவும் இருந்தது. ஓலைக் குடிசையிலே அறையுமில்லை, ஆளுமில்லை. பகலில் எல்லோரும் வேலைக்குப் போனபின் வீதியில் இறங்கிவிடுவாரென்று அஞ்சி, தூணோடு பிணைத்த கயிறே அங்கே காவலாயிற்று. இரண்டு வீடுகளிலும் பாரத்தைச் சுமந்தவர் பெண்களே. மனைவியோ மகளோ மருமகளோ இரவிலும் விழித்திருந்து, அழுக்கை அகற்றி, அடியும் வாங்கி ஆண்டுகளைக் கழித்தனர். 'குடும்பம் பார்த்துக்கொள்கிறது' என்று பெருமையுடன் பேசும்போது, குடும்பத்தில் யார் பார்த்துக்கொள்கிறார் என்பதை நாம் கேட்பதில்லை. இந்த உழைப்புக்குக் கூலியுமில்லை, கணக்குமில்லை.

உலகம் இக்காலத்திலே வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் காலத்திலே, பாரிசின் பிசேத்ர் வைத்தியசாலையில் மேற்பார்வையாளராயிருந்த புசேன் நோயாளரின் சங்கிலிகளை அகற்றினார். வைத்தியர் பினெலின் பெயரே வரலாற்றில் முன்னிற்கிறது. ஆனால் நாள்தோறும் நோயாளரோடு வாழ்ந்து வழிகாட்டியவர் அவர். 1901இல் ஜெர்மனியின் பிராங்க்பேட் நகரிலே, நினைவு குழம்பிய ஐம்பத்தொரு வயதுப் பெண்ணொருவர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். வைத்தியர் அலோய்ஸ் அல்ஸைமர் அவரருகே அமர்ந்து, பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, உண்பது என்ன என்று கேட்டு, அவர் தடுமாறித் தந்த விடைகளை எழுதிவைத்தார். 1906இல் அப்பெண் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, கண்ட மாற்றங்களை அவ்வாண்டிலேயே அறிவித்தார். முதுமையின் இயல்பென்று கருதப்பட்டவற்றுட் பெரும்பகுதி மூளையின் நோய் என்று பின்னர் உலகம் உணர்ந்தது. எமது 'அறளை'யுள்ளும் இந்நோய் மறைந்திருந்தது.

இன்னொரு சான்று இதனினும் கூரியது. ஒரு காலத்தில் ஐரோப்பியக் காப்பகங்களை நிறைத்த நோய்களுள் ஒன்று, பெருமிதப் பிதற்றலில் தொடங்கிப் பக்கவாதத்தில் முடியும் ஒருவகைப் பைத்தியம். 1913இல் நொகுச்சியும் மூரும் அத்தகையோரின் மூளையிலே மேகநோய்க் கிருமியைக் கண்டனர். 1940களில் பெனிசிலின் மருந்து பரவியபின் அந்நோயாளர் தொகை சுருங்கிற்று. தெய்வக் குற்றமென்றும் குலக் குற்றமென்றும் தூற்றப்பட்டது, ஊசி மருந்துக்கு அடங்கும் கிருமி நோயாயிற்று. 1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்து சித்தக்கலக்கத்துக்குப் பயன்படத் தொடங்கியதும், பூட்டிய கதவுகள் பலவற்றைத் திறக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால் வைத்தியசாலை என்றாலே நன்மை என்று நாம் மயங்குதலும் கூடாது. மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை வெட்டும் அறுவையை 1935இல் தொடங்கிய எகாஸ் மோனிசுக்கு 1949இல் நோபல் பரிசே கிடைத்தது. அவ்வறுவையால் ஆளுமை அழிந்து நடைப்பிணமானோர் பலர். நாஜி ஜெர்மனியோ 1940, 1941ஆம் ஆண்டுகளிலே மனநோயாளரும் அங்கவீனருமாக 70,000க்கு மேற்பட்டோரை நச்சுவாயுவால் கொன்றது. அவர்களை 'பயனற்ற வாய்கள்' எனக் கணக்கிட்டவர் வைத்தியர். ஏற்றிச் சென்ற வண்டிகள் வைத்தியசாலை வாசல்களிலிருந்தே புறப்பட்டன. மனிதனின் மதிப்பை அவன் உழைக்கும் ஆற்றலால் மட்டும் அளக்கும் சமுதாயம் எங்கே சென்று முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அவ்வாறாயின் தங்கிச் சிகிச்சை பெறும் விடுதி செய்யவேண்டிய வேலை யாது? பூட்டிவைப்பதன்று, பிரித்தறிவது. நினைவு தடுமாறும் முதியவர் ஒருவரின் தடுமாற்றத்துக்குக் காரணங்கள் பல. சிறுநீர்த் தொற்றோ சுவாசத் தொற்றோ முதியவர்க்குச் சன்னியை உண்டாக்கும். தைரொயிட்டுச் சுரப்பியின் குறைவும், விற்றமின் பி12 குறைவும், இரத்தத்திலே உப்புச் சத்துக் குறைவும், உண்ணும் மருந்துகளின் மோதலும் அறிவை மங்கச் செய்யும். ஆழ்ந்த மனச்சோர்வு மறதியின் வேடம் பூண்டு வரும். சிறு வீழ்ச்சியின் பின் மண்டையோட்டினுள்ளே மெல்லக் கசிந்து திரளும் இரத்தம், வாரங்கள் கழித்து நடையையும் பேச்சையும் மாற்றும். இவை பெரும்பாலும் திருத்தக்கூடியவை. அல்ஸைமர் நோய் போன்றவற்றை இன்றைய வைத்தியம் குணப்படுத்தாது. ஆயினும் உறக்கத்தையும் உணவையும் சீர்செய்து, அச்சத்தைக் குறைத்து, நோயாளியும் பராமரிப்பவரும் வாழக்கூடிய நிலையை உருவாக்க முடியும். இவற்றை அரைமணி நேரப் பார்வையிலே பிரித்தறிதல் அரிது. பகலிலும் இரவிலும் நோக்கும் தாதியும், பரிசோதனைக் கூடமும், மூளையின் படமெடுக்கும் கருவியும், உடல் வைத்தியரும் மனநோய் வைத்தியரும் ஒரே கூரையின்கீழ் வேண்டும். மனநோய் வைத்தியசாலையைப் பொது வைத்தியசாலையிலிருந்து பிரித்துத் தொலைவிலே கட்டியது எவ்வளவு பெரிய பிழை என்பது இப்போது விளங்கும்.

எமது அயலிலே ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். பத்திரிகையை வரிவிடாது படிப்பவர். ஒருநாள் சைக்கிளிலிருந்து விழுந்தார். நெற்றியிலே சிறு காயம். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மாதத்தின் பின் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மனைவியைத் தம் தமக்கையென்று அழைத்தார். இரவில் எழுந்து படலையைத் திறந்து வீதிக்குப் போனார். 'அறளை பெயர்ந்துபோச்சு' என்று அயலார் சொன்னோம். நாமும் சொன்னோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். படலைக்குப் பூட்டு வந்தது. விடுமுறையிலே வந்த மருமகள் ஒருத்திதான் விடாப்பிடியாக நின்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாள். தலையினுள்ளே இரத்தம் திரண்டிருந்தது தெரிந்தது. அகற்றினார்கள். மூன்று வாரங்களின் பின் வீட்டுக்கு வந்தவர், படலையிலே புதிதாகத் தொங்கிய பூட்டைக் கண்டு, 'கள்ளர் பயமோ?' என்று கேட்டார். ஒருவரும் விடை சொல்லவில்லை.

ஏழு வாரங்கள் ஒரு மனிதரை ஒரு சொல்லுக்குள்ளே நாம் பூட்டிவைத்திருந்தோம். எத்தனை பேர் அச்சொல்லுக்குள்ளேயே இறந்திருப்பர்!

இங்கே மொழியின் பங்கையும் கூறவேண்டும். மூளையின் அறிவாற்றலைச் சோதிக்கும் கருவி ஊசியன்று; வினா. இன்று என்ன நாள்? இது என்ன மாதம்? நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு போங்கள். ஆங்கிலத் திகதியை அறியாத வட்டுக்கோட்டைக் கிழவி முதல் வினாவிலேயே தோற்றுவிடுவாள். ஆடி அமாவாசைக்குப் பின் எத்தனையாம் நாள் என்று கேட்டால் அவள் தயங்காது சொல்வாள். கழித்தற் கணக்கிலே திகைப்பவள், சங்கானைச் சந்தையிலே மீதிச் சில்லறையை ஒரு சதம் பிசகாமல் எண்ணி வாங்குவாள். அவளை அவளுடைய மொழியே அறியாத ஒரு விடுதியிலே வைத்தால், அவள் மௌனத்தையே நோயென்று எழுதிவிட நேரும். அங்கொடைக்கு அனுப்பப்பட்ட எமது தமிழ் நோயாளருக்கு நேர்ந்த இழப்புகளுள் இதுவும் ஒன்று. அல்ஸைமர் தம் நோயாளியின் நோயைக் கண்டது, அவர் பேசிய மொழியிலே கேட்டு, அவர் பேசியவாறே எழுதியதால் அன்றோ? கிறீன் தொடங்கிய தமிழ் வைத்தியக் கல்வி அவருக்குப் பின் தொடர்ந்து வளர்ந்திருந்தால், இவ்வினாக்கள் எமது மொழியில் எப்போதோ ஆக்கப்பட்டிருக்கும்.

வைத்தியசாலை அருகில் இல்லாதபோது வேறொன்று அவ்விடத்தை நிரப்பும் என்பதற்கு, எமது கடலுக்கு அக்கரையிலேயே ஒரு கொடிய சான்று உண்டு. இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியிலே, தர்காவை நாடி வந்த மனநோயாளரைத் தங்கவைக்க ஓலைக் கொட்டகைகள் பல இருந்தன. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையிலே அவற்றுள் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். சென்னையிலே 1794 முதல் காப்பகம் இருந்தது. 1871 முதல் கீழ்ப்பாக்கத்திலே பெரிய வைத்தியசாலை இருந்தது. இருந்தும் அம்மக்கள் ஏன் அங்கே போகவில்லை? நம்பிக்கையைப் பழித்துவிட்டு அமைதியடைவது எளிது. தர்கா அவர்களை நீதிமன்றத்துக்கு வா என்று அழைக்கவில்லை. குடும்பத்தை உடன் தங்கவேண்டாம் என்று விரட்டவில்லை. வறியவனுக்கு எட்டும் தூரத்திலே அரசு வைத்தியசாலை இல்லாத வெற்றிடத்திலே, அவன் நம்பிக்கையை விலைக்கு விற்றவர் கொட்டகை போட்டனர். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. சட்டம் சங்கிலியை அறுக்கலாம். அறுந்தபின் அவர் படுக்கக் கட்டில் வேண்டும்.

எமது நிலை முழுவதும் இருளன்று. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இம்மண்ணிலேயே வைத்தியரை உருவாக்கியது. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் உழைத்தோரும் போரின் நடுவிலே உளநோய்ச் சிகிச்சையை நடத்தினர். 'மனவடு' என்ற நூலைத் தமிழிலே தந்து கிறீனின் மரபைத் தொட்டனர். 2005ஆம் ஆண்டுத் தேசிய உளநலக் கொள்கை மாவட்டந்தோறும் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு வேண்டும் என்றது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலே அத்தகைய பிரிவு உண்டு. வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு காலைப்பொழுதிலே போய், நோயாளியோடு இருந்து, மாலையில் வீடு திரும்பலாம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எமது மக்களுக்குக் கிடைக்காதது இந்தத் தூரமே.

ஆயினும் தேவை வளர்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படியே இத்தீவின் மக்களில் 12.4 சதவீதத்தினர் அறுபது வயதுக்கு மேற்பட்டோர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீடுகளிலே முதியவர் தனித்திருக்கின்றனர். பணம் வருகிறது; இரவில் எழுந்து படலையைத் திறப்பவரைத் தடுத்து அழைத்துவரும் கை வருவதில்லை. எறிகணைச் சிதறலால் தலையிற் காயமுற்றுப் பிழைத்தவர்கள் முதுமையை நெருங்குகின்றனர். வீதி விபத்துகளும் மதுவும் தம் பங்கைச் சேர்க்கின்றன. இவர்களுக்கு வேண்டியவை உடல் வைத்தியமும் மன வைத்தியமும் இணைந்த விடுதிகள், பயிற்சி பெற்ற தமிழ்த் தாதியர், குடும்பத்தில் ஒருவர் உடன் தங்க இடம், வீடு திரும்பியபின் தொடர்ந்து வந்து பார்க்கும் ஊழியர். இவை தருமமாகக் கேட்கப்படவேண்டியவை அல்ல. வாழ்நாள் முழுவதும் உழைத்தோர் உரிமையாகப் பெறவேண்டியவை.

ஆசிரியர்களாகிய நாமும் மாணவர்களும் வைத்தியர் அல்லோம். ஆயினும் சொற்கள் எமது பொறுப்பு. அங்கொடை வைத்தியசாலைக்கு 2008இல் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாற்றினர். பள்ளி முற்றத்திலே பழைய பெயரே வாழ்கிறது. அடுத்த முறை ஒரு மாணவன் அச்சொல்லை எறியும்போது, அவனை அதட்டி அடக்குவதோடு நாம் நின்றுவிடலாகாது. அங்கொடை எங்கே இருக்கிறது, அங்கே யார் போனார்கள், ஏன் திரும்பவில்லை என்று அவனுக்குச் சொல்லவேண்டும். வீட்டிலே பாட்டி பெயர் மறந்தால், அறளை என்று சொல்லிச் சிரிக்காமல், எப்போதிருந்து இப்படி, விழுந்தாரா, காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து உண்கிறார் என்று கேட்கவும் அவனுக்குக் கற்பிக்கவேண்டும். அந்நான்கு வினாக்களையும் எமது அயலவரைப் பற்றி அன்று ஒருவராவது கேட்டிருந்தால், அவர் வீட்டுப் படலைக்குப் பூட்டு வந்திராது.